சிப்பி போட்டும் நைட்ரேட் இறங்கவில்லையா? கடல்நீர்த் தொட்டிக்கு அறிகுறி வாரியாகப் பிழைநீக்கம்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும்: நாலு சிப்பியை உள்ளே விட்டால் அதுபாட்டுக்கு நைட்ரேட்டை இழுத்துக்கொள்ளாதா? எனக்கும் வந்தது. மணலில் புதையும் மட்டி ஆறு வாங்கி விட்டேன். தண்ணீரைச் சுத்தமாக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு மாதம் கழித்து நைட்ரேட் 25 பிபிஎம்மிலிருந்து (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) 40-க்கு ஏறியிருந்தது. மணலைக் கிளறிப் பார்த்தால் ஆறில் நாலு வெறும் ஓடு. உள்ளே இருந்த சதை முழுக்கத் தண்ணீரில் கரைந்துவிட்டது. அழுக்கை வடிகட்ட வந்தவை தாங்களே அழுக்காகிப் போயின.

அப்புறம்தான் கணக்கு புரிந்தது. தொட்டிக்குள் நைட்ரஜன் வருவது பெரும்பாலும் தீனி வழியாக. மீன் தின்று கழித்ததும், தின்னாமல் விட்டதும் அம்மோனியா ஆகிறது. பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அதோடு சரி, சாதாரண ஃபில்டரின் வேலை அங்கே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து நைட்ரஜன் வெளியே போவதற்கு இருக்கும் வழிகள் கொஞ்சம்தான்: நாம் மாற்றிக் கொட்டும் தண்ணீர், ஸ்கிம்மர் (நுரை எழுப்பி அழுக்கைப் பிரிக்கும் கருவி) கோப்பையில் சேரும் சாக்கடை, வெட்டி எறியும் பாசி, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா அதை வாயுவாக்கிக் காற்றில் விடுவது. இவை தவிர இன்னொன்று உண்டு, வளரும் உயிரின் உடம்புக்குள் அடைந்துகொள்வது. அது வெளியே போவதில்லை, பூட்டிவைப்பு மட்டுமே. சிப்பி செய்வது இந்தக் கடைசி வேலையைத்தான். கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் "நைட்ரஜன் எந்த வழியாக வெளியே போகிறது?" என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கு எண்ணையும் சொல்லிவிடுகிறேன். பவளமும் ராட்சதச் சிப்பியும் உள்ள தொட்டியில் 2 முதல் 10 பிபிஎம் இருந்தால் நிம்மதி. மீன் மட்டும் உள்ள தொட்டியில் 40 வரை பெரிய கவலை வேண்டாம். பூஜ்யம் நல்லதல்ல, ஏன் என்று கடைசியில் வருகிறது.

டெஸ்ட் கிட் 80, 100 என்கிறது, தொட்டியோ நன்றாக இருக்கிறது

முதலில் கிட்டைச் சந்தேகப்படுங்கள். நைட்ரேட்டை நேராக அளக்கும் கிட் அனேகமாக இல்லை. முதலில் அதை நைட்ரைட்டாக மாற்றி, அந்த நைட்ரைட்டுக்குத்தான் நிறம் வரவைக்கிறார்கள். அதனால் தண்ணீரில் ஏற்கெனவே கொஞ்சம் நைட்ரைட் இருந்தால்கூட நைட்ரேட் பல மடங்காகத் தெரியும். புதுத் தொட்டியில், அதாவது நைட்ரைட்டை மாற்றும் பாக்டீரியா இன்னும் போதிய அளவு பெருகாத முதல் சில வாரங்களில், நைட்ரேட் எண்ணை நம்பவே வேண்டாம். நைட்ரைட்டை அளந்து பூஜ்யம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. சில கிட்களில் ஒரு பாட்டிலில் உலோகத் தூள் கலந்திருக்கும், மாற்றும் வேலையைச் செய்வது அதுதான். தூள் அடியில் படிந்து கெட்டியாகிவிடும். அரை நிமிடம் பலமாகக் குலுக்காமல் சொட்டு விட்டால் 40 இருக்கும் தண்ணீர் 5 என்று காட்டும். போன வாரம் 5, இந்த வாரம் 40 என்று பதறுபவர்களில் பாதிப் பேர் போன வாரம் குலுக்கவில்லை என்பதே என் அனுபவம்.

இன்னொரு குழப்பம் அலகில். சில கிட்கள் நைட்ரேட்டைச் சொல்லும், சில அதற்குள் இருக்கும் நைட்ரஜனை மட்டும் சொல்லும். நைட்ரஜன் எண்ணை 4.43 ஆல் பெருக்கினால் நைட்ரேட் வரும். ஒரு கிட்டில் 10, இன்னொன்றில் 44 என்றால் இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன.

கிட்டோடு வரும் நிற அட்டையில் 40-க்கும் 80-க்கும் உள்ள சிவப்பு எனக்கு இன்றுவரை ஒன்றாகத்தான் தெரிகிறது. அதனால் எண் பெரிதாக இருந்தால் ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு நாலு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து அளந்து, வருவதை 5 ஆல் பெருக்குங்கள். நிறம் வெளிர் பக்கம் வந்துவிடும், அங்கே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கலப்பதற்கு முன் அந்த ஆர்.ஓ. தண்ணீரைத் தனியாக ஒருமுறை அளந்துவிடுங்கள். அதில் நிறம் வந்தால் கிட் பழசாகியிருக்க வேண்டும், அல்லது அடுத்த அறிகுறிக்கான காரணம் கையில் கிடைத்துவிட்டது.

தண்ணீர் மாற்றிய மூன்றாம் நாளே பழைய எண்

ஊற்றும் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. குடிக்கத் தகுந்த தண்ணீர் பவளத்துக்குத் தகுந்ததாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆர்.ஓ. சவ்வு மற்ற உப்புகளைத் தடுக்கும் அளவுக்கு நைட்ரேட்டைத் தடுப்பதில்லை. சவ்வுக்குப் பின்னால் உள்ள பிசின் குப்பிதான் மிச்சத்தைப் பிடிக்கிறது. பிசின் தீர்ந்துவிட்டால் நைட்ரேட் நழுவி வரும். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். 5, 6 என்று ஏறத் தொடங்கியிருந்தால் பிசினை மாற்றும் நேரம்.

தண்ணீர் சுத்தம் என்றால், மாற்றிய அளவைப் பாருங்கள். 40 பிபிஎம் உள்ள தொட்டியில் 10 சதவீதம் மாற்றினால் 36 ஆகும். அந்த வித்தியாசம் எந்த அட்டையிலும் தெரியாது. நைட்ரேட் திரும்பி வந்ததாக நினைக்கிறோம், உண்மையில் அது போகவே இல்லை.

கல்லிலிருந்து கசிகிறது என்று சொல்வார்கள். பாஸ்பேட் விஷயத்தில் அது சரி, கல்லின் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டு பிறகு மெல்ல வெளியே வரும். நைட்ரேட் அப்படி ஒட்டாது. ஆனால் கல் பொந்திலும் மணலிலும் சம்ப்பின் (ஃபில்டர் கருவிகள் இருக்கும் துணைத்தொட்டி) மூலையிலும் தேங்கிய வண்டல் அழுகிக்கொண்டே இருக்கும். ஒரு சின்ன மோட்டாரின் வாயைக் கல்லின் பின்பக்கம் காட்டிப் பாருங்கள். பழுப்பு மேகம் கிளம்பினால் உங்கள் நைட்ரேட் அங்கேதான் குடியிருக்கிறது. தண்ணீர் மாற்றும் நாளில் முதலில் இப்படிக் கிளப்பிவிட்டு, அது படிவதற்குள் உறிஞ்சி எடுங்கள். ஃபில்டர் பஞ்சை மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரண்டு வாரம் விட்டால் அது ஃபில்டர் இல்லை, நைட்ரேட் ஆலை.

ஒழுங்காக மாற்றுகிறேன், ஆனாலும் மாதா மாதம் ஏறுகிறது

இதற்குக் காகிதமும் பேனாவும் போதும். புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். 45 சதவீதம் புரதம் உள்ள உலர் தீனி ஒரு கிராம் போட்டால், அது முழுக்க மாறினால் 0.32 கிராம் நைட்ரேட் ஆகும். 200 லிட்டர் தொட்டியில் அது 1.6 பிபிஎம். தினமும் ஒரு கிராம் என்றால் வாரத்துக்கு 11. பேச்சுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம்.

வாரம் 10 ஏறுகிறது, வாரம் 10 சதவீதம் மாற்றுகிறீர்கள், வேறு எந்த வழியிலும் போவதில்லை. அப்படியானால் எண் எங்கே போய் நிற்கும்? 100-இல். அங்கேதான் 10 சதவீதம் என்பது 10 பிபிஎம் ஆகிறது. 20 சதவீதம் மாற்றினால் 50-இல் நிற்கும். ஆக, தண்ணீர் மாற்றுவதை மட்டும் நம்பி, தீனியைக் கைவிடாமல், 5 பிபிஎம்முக்கு வர முடியாது. ஒரே வாரத்தில் இறக்க வேண்டிய அவசரத்துக்குத் தண்ணீர் மாற்றுவது நல்ல ஆயுதம். நிரந்தரமாகக் கட்டுக்குள் வைக்க வேறு கதவு ஒன்றைத் திறக்க வேண்டும்.

முதல் கதவு ஸ்கிம்மர், ஏனென்றால் அது கழிவை அம்மோனியா ஆவதற்கு முன்பே தூக்கிவிடுகிறது. கழுத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் நுரை ஏறாது. மூன்று நாளுக்கு ஒருமுறை கழுத்தைத் துடைத்தாலே கோப்பை நிரம்பும் வேகம் மாறுவதைப் பார்க்கலாம். உறைந்த தீனியைக் கரைத்த தண்ணீரோடு அப்படியே கொட்டுகிறவர்கள் அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

சிப்பி விட்டு இரண்டு மாதம், நைட்ரேட் அசையவில்லை

எந்தச் சிப்பி என்பதுதான் முதல் கேள்வி. இங்கே இரண்டு சாதி இருக்கிறது, இரண்டும் வேறு வேறு தொழில்.

மட்டி, கிளிஞ்சல், ஆளி மாதிரியானவை தண்ணீரை வடிகட்டி அதில் மிதக்கும் நுண்பாசியைத் தின்பவை. நைட்ரேட் கரைந்த உப்பு, அதை அவற்றால் வடிகட்ட முடியாது. தின்றதைச் செரித்து அம்மோனியாவைத்தான் வெளியே விடும். விரிகுடாக்களில் ஆளி வளர்த்து நைட்ரஜனைக் குறைக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே ஆளியை அறுவடை செய்து கரைக்கு எடுத்துப் போகிறார்கள், அதோடு நைட்ரஜனும் போகிறது. நாம் தொட்டியிலிருந்து எதையும் அறுவடை செய்வதில்லை. அது மட்டுமல்ல, நன்றாக ஸ்கிம்மர் ஓடும் தொட்டியில் அவற்றுக்கு உணவே கிடையாது. சில மாதத்தில் பட்டினியில் சாகும், அதுவும் மணலுக்கு அடியில், நமக்குத் தெரியாமல். சிவப்புச் சுடர் போல மின்னும் விசிறிச் சிப்பியின் கதையும் இதுவே. அழகுக்காக வாங்கி, மெல்லப் பட்டினி போட்டுக் கொல்கிறோம்.

இரண்டாவது சாதி டிரைடாக்னா, ராட்சதச் சிப்பி. மேன்டில் என்று சொல்லும் அதன் வண்ண மடலுக்குள் கோடிக்கணக்கில் நுண்பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசிக்கு வெளிச்சம் வேண்டும், நைட்ரஜனும் வேண்டும். சிப்பி கழிக்கும் அம்மோனியாவை அது உள்ளேயே பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் உள்ள அம்மோனியத்தையும் இழுக்கும், நைட்ரேட்டையும் இழுக்கும். ஆனால் அதற்குப் பிடித்தது அம்மோனியம்தான். பண்ணைகளில் குஞ்சுச் சிப்பிகளுக்கு அம்மோனியம் உரம் போட்டு வளர்ச்சியைக் கூட்டுவது தெரிந்த உத்தி. ஆக, ராட்சதச் சிப்பி நைட்ரேட்டைக் குறைக்கும் என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. சிக்கல் அளவில்.

நல்ல வெளிச்சத்தில் ஒரு சிப்பி மாதம் 10 கிராம் சதை போடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சதையில் பெரும்பங்கு தண்ணீர், புரதம் ஒன்று அல்லது ஒன்றரை கிராம் இருக்கும். மேலே சொன்ன உலர் தீனியில் ஏறக்குறைய மூன்று கிராமில் அது அடங்கிவிடும். முப்பது நாள் தீனி போடுகிறீர்கள், சிப்பி பூட்டிவைப்பது மூன்று நாள் தீனியை. மிச்சம் இருபத்தேழு நாளுக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

அதே தொட்டியின் சம்ப்பில் தனி விளக்கு வைத்து வளர்க்கும் கீட்டோமார்ஃபா பாசியை மாதம் கால் கிலோ பிழிந்து எடுத்து எறிந்தால், தோராயக் கணக்கில் 10 பிபிஎம் அளவுக்கு நைட்ரேட் கையோடு போய்விடும். சிப்பியை வெட்டி எறிய முடியாது என்பதை நினைத்துப் பாருங்கள், எது கருவி எது செல்லப் பிராணி என்பது தெரிந்துவிடும்.

சரி, உங்கள் சிப்பி அந்தச் சின்ன வேலையையாவது செய்கிறதா என்று அறிய நைட்ரேட் கிட்டை எடுக்காதீர்கள். காரத்தன்மைக் கிட்டை எடுங்கள். வளரும் சிப்பி சதையைவிடப் பல மடங்கு எடைக்கு ஓடு கட்டும், அதற்குக் கால்சியமும் காரமும் தண்ணீரிலிருந்து போக வேண்டும். சிப்பி வந்த பிறகு காரம் இறங்கும் வேகம் துளியும் மாறவில்லை என்றால் அது வளரவில்லை. வளராத சிப்பி எதையும் பூட்டிவைக்கவும் இல்லை. கண்ணாலும் பார்க்கலாம். மடல் சுருங்கும் நேரத்தில் ஓட்டின் மேல் விளிம்பைக் கவனியுங்கள். பழைய ஓட்டில் பாசியும் ஊதாப் படிவும் ஏறியிருக்கும். விளிம்பில் மட்டும் பீங்கான் போல வெள்ளையாக ஒரு மெல்லிய கீற்று தெரிந்தால் அது புது ஓடு, சிப்பி வளர்கிறது. விளிம்பு வரை பாசி படிந்திருந்தால் நின்றுவிட்டது என்று பொருள்.

நின்றதற்குப் பெரும்பாலும் வெளிச்சம்தான் காரணம். ராட்சதச் சிப்பி இனங்களில் குரோசியாவும் மாக்ஸிமாவும் கடும் வெளிச்சம் கேட்கும், கல்லின் மேல்தட்டில் வைக்க வேண்டும். டெராசாவும் ஸ்குவாமோசாவும் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சமாளிக்கும், மணலில் வைக்கலாம். காரம் 8-9 டிகேஹெச் (காரத்தன்மையின் அலகு), கால்சியம் 400-450 பிபிஎம், உப்பு ஆயிரத்துக்கு 35 என்ற அளவில் ஆடாமல் இருக்கட்டும். 5 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சை வாங்காதீர்கள், விலை குறைவு என்பதைத் தவிர அதில் லாபமில்லை. ராட்சதச் சிப்பி இனங்கள் எல்லாமே அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. பண்ணையில் வளர்ந்தது என்பதற்குக் காகிதம் கேட்டு வாங்குங்கள்.

சிப்பி வாயைப் பிளந்து நிற்கிறது, தண்ணீரில் ஏதோ வாடை

இதில் நேரம் முக்கியம். கையைச் சிப்பியின் மேல் நிழல் விழும்படி ஆட்டுங்கள். மடலின் விளிம்பு நெடுக அதற்கு நூற்றுக்கணக்கில் பொட்டுக் கண்கள் உண்டு. நலமான சிப்பி நிழல் பட்டதும் வெடுக்கென்று சுருங்கும். மெதுவாகச் சுருங்கினால் நோய். சுருங்கவே இல்லை, மடல் ஓட்டுக்குள் தொங்குகிறது, சுற்றிலும் முள்புழுவும் நத்தையும் கூடிவிட்டன என்றால் முடிந்தது. நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஒரு பெரிய சிப்பியின் சதை ஒரே இரவில் குழைந்துவிடும். எடுத்து மூக்கருகே கொண்டுபோனால் சந்தேகம் எதுவும் இருக்காது. எடுத்தபின் அம்மோனியாவை அளந்து, 25-30 சதவீதம் தண்ணீரை மாற்றி, புதுக் கரித்தூள் பை ஒன்றைப் போடுங்கள். அடுத்த இரண்டு வாரம் நைட்ரேட் ஏறும். அது எதிர்பார்க்க வேண்டியதுதான், வேறு காரணம் தேடி எதையும் மாற்ற வேண்டாம்.

உயிர் இருக்கிறது, ஆனால் வாடுகிறது என்றால், விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு வாருங்கள். ஓட்டின் மடிப்புகளிலும் அடியிலும் அரிசிமணி அளவில் வெள்ளை நத்தை இருக்கிறதா பாருங்கள். அது சிப்பியின் சாற்றைக் குடிக்கும் ஒட்டுண்ணி. பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்து, அதன் முட்டைப் பசையையும் வழித்துவிட வேண்டும். ஒரு தடவையில் தீராது, சில வாரம் தினமும் பாருங்கள்.

எடுக்கும்போது ஒன்று: சிப்பி கல்லில் பட்டு நூல் போன்ற இழைகளால் ஒட்டியிருக்கும். பிடுங்காதீர்கள். இழையோடு பாதத்தின் சதையும் கிழிந்து வரும், அந்தக் காயத்தில் சிப்பி பிழைப்பது அபூர்வம். கல்லை ஒட்டினாற்போல் பிளேடால் இழையை அறுத்து எடுங்கள், பிறகு புது இழை விட்டுக்கொள்ளும். மீனுக்கு எப்போதாவது தாமிர மருந்து போட்ட தொட்டி என்றால் அங்கே சிப்பியையே யோசிக்க வேண்டாம்.

பாசி வெளுத்துக் கரைகிறது, நைட்ரேட் மட்டும் அப்படியே

நைட்ரேட் 30 இருக்கும்போது கீட்டோமார்ஃபா ஏன் பட்டினி கிடக்கிறது? பாஸ்பேட்டை அளந்து பாருங்கள். அனேகமாகப் பூஜ்யம் வரும். பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்ஸைடு மணிகளைப் போட்டு, அதையும் இறக்கி வைத்திருப்பீர்கள். பாசிக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும், ஒன்று தீர்ந்தால் மற்றதைத் தொடாது. மணிகளை எடுத்துவிட்டுப் பாஸ்பேட் 0.05 பக்கம் வரும்வரை பொறுங்கள், பச்சை திரும்பும். அப்படியும் வெளிறியிருந்தால் இரும்புச் சத்துச் சொட்டு கொஞ்சம் உதவும்.

பந்தாகச் சுருண்டு உள்பக்கம் மட்டும் கரைந்தால் வெளிச்சம் நுழையவில்லை என்று பொருள். பாதியை எடுத்து எறியுங்கள், எறிவதற்குத்தானே வளர்க்கிறோம். தொட்டியின் விளக்கு அணைந்த பிறகு பாசியின் விளக்கு எரியட்டும், இரவில் பிஹெச் விழுவது குறையும். காலர்பா பாசியை நான் சிபாரிசு செய்வதில்லை. ஒரு நாள் திடீரென்று விந்து முட்டையாக உடைந்து, சேர்த்து வைத்த அத்தனையையும் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

வோட்கா ஊற்றினேன், தண்ணீர் பால் போல் ஆகிவிட்டது

வோட்கா, வினிகர் இரண்டும் பாக்டீரியாவுக்குக் கார்பன் உணவு. அதைத் தின்று பெருகும்போது நைட்ரேட்டையும் கொஞ்சம் பாஸ்பேட்டையும் உடம்பில் ஏற்றிக்கொள்ளும், ஸ்கிம்மர் பாக்டீரியாவையே தூக்கி வெளியே போடும். பால் போல் ஆனால் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது. ஆபத்து கலங்கலில் இல்லை, ஆக்சிஜனில் இருக்கிறது. விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றனவா பாருங்கள். ஊற்றுவதை உடனே நிறுத்தி, காற்றுக்கல் போட்டு, ஸ்கிம்மரை ஈரநுரை வரும்படி திருகி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் தெளியும்.

மறுபடி தொடங்கும்போது 100 லிட்டருக்கு நாளைக்கு 0.1 மில்லியில் தொடங்குங்கள். 40 சதவீத வோட்கா, சுவையூட்டாதது. சொட்டுக்குழாயில் பார்த்தால் இரண்டே சொட்டு, இதுவா வேலை செய்யும் என்று தோன்றும். அந்த எண்ணத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டி, நைட்ரேட் இறங்கத் தொடங்கிய நாளில் கூட்டுவதை நிறுத்திவிடுங்கள். இலக்கை எட்டியதும் பாதியாகக் குறையுங்கள். வினிகர் என்றால் ஒரு மில்லி வோட்காவுக்கு எட்டு மில்லி. வினிகர் பிஹெச்சை இறக்கும், அதனால் காலையில் விளக்கு எரிந்த பிறகு, மெதுவாக.

மாதக்கணக்கில் ஊற்றியும் எண் அசையவில்லை என்றால் இரண்டே காரணம். பாஸ்பேட் பூஜ்யமாக இருக்கும், பாசிக்குச் சொன்னதே பாக்டீரியாவுக்கும். இல்லையென்றால் ஸ்கிம்மர் சரியில்லை, பெருகிய பாக்டீரியா உள்ளேயே செத்து உள்ளேயே கரைகிறது. ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் இந்த வழியைத் தொடவே வேண்டாம்.

அழுகிய முட்டை நாற்றம்

கந்தக மணி போட்ட டிநைட்ரேட்டரிலிருந்து (நைட்ரேட்டை வாயுவாக்கும் கருவி) வந்தால், தண்ணீர் அதற்குள் மிக மெதுவாகப் போகிறது. உள்ளே நைட்ரேட் தீர்ந்த பிறகு பாக்டீரியா சல்பேட்டின் பக்கம் திரும்பும். கடல்நீரில் சல்பேட்டுக்குப் பஞ்சமில்லை, அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும். ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஒரே நாளில் நாற்றம் போய்விடும். கூட்டியபின் வெளியே வரும் தண்ணீரில் நைட்ரைட் தெரிந்தால் அதிகம் கூட்டிவிட்டீர்கள். இந்தக் கருவி காரத்தையும் தின்னும், எனவே வெளியே வரும் தண்ணீரைச் சுண்ணாம்புக் கல் நிரப்பிய குழாய் வழியாக விடுவது வழக்கம்.

ஆழமான மணல் படுகையிலிருந்து நாற்றம் வந்தால், யாரோ கிளறியிருக்கிறார்கள். கண்ணாடி வழியே கறுப்பாகத் தெரியும் இடத்தைத் தொடாதீர்கள். கிளறிவிட்டீர்கள் என்றால் காற்றுக்கல், கரித்தூள், தண்ணீர் மாற்றம் மூன்றும் அப்போதே.

கிட்டில் பூஜ்யம், கல் முழுக்க முடிப்பாசி

பூஜ்யம் என்பது பாசி தின்ற பிறகு மிஞ்சியது. கையால் பிடுங்கி எறியுங்கள், எறிந்ததும் நைட்ரஜன் வெளியே போன கணக்கில்தான் வரும். தீனியைப் பாருங்கள், பாஸ்பேட்டைப் பாருங்கள்.

பூஜ்யம், சிப்பியின் நிறம் போய்விட்டது, மணலில் குமிழோடு பழுப்புச் சளி

இது எல்லா வழியையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டவர்களுக்கு வரும் நோய். வோட்கா, பாசி, பெரிய ஸ்கிம்மர், இரும்பு மணிகள், அதோடு தீனியும் குறைப்பு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தரையைத் தொட்டதும் மற்ற உயிர்கள் சோர்ந்து, டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பழுப்புச் சளி இடத்தைப் பிடிக்கும். பகலில் குமிழ் கோத்த நூலாகத் தொங்கும், விளக்கணைந்தால் குறைந்தது போலத் தெரியும், காலையில் மறுபடி வரும். இதற்கிடையே சிப்பியின் மடல் நடுவிலிருந்து வெளிறும், ஏனென்றால் உள்ளே இருக்கும் பாசிக்கு நைட்ரஜன் இல்லை. நைட்ரேட் அதிகமான தொட்டியில் அதே மடல் பழுப்பேறிக் கறுத்திருக்கும். நான் சிப்பியை வைத்திருப்பது இந்த நிறத்தைப் படிக்கத்தான், நைட்ரேட்டை இறக்க இல்லை.

வோட்காவை ஒரேயடியாக நிறுத்தாமல் சில நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். பாசி விளக்கின் நேரத்தைப் பாதியாக்குங்கள், இரும்பு மணிகளை எடுத்துவிடுங்கள், தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப்போடுங்கள். மீன்களுக்குக் கூடுதலாகப் போடுங்கள். அதிலும் ஏறவில்லை என்றால் சோடியம் நைட்ரேட்: 200 லிட்டரில் 1 பிபிஎம் ஏற்ற 0.27 கிராம் போதும். ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, நாளைக்கு 1 பிபிஎம்முக்கு மேல் ஏற்றாமல், மறுநாள் அளந்துவிட்டுத்தான் அடுத்தது. போட்டதை மறுநாளே காணோம் என்றால் தொட்டி அவ்வளவு பசியில் இருக்கிறது, மறுபடி போடுங்கள். 5-இல் ஒரு வாரம் நின்ற பிறகு பாஸ்பேட்டையும் 0.05-க்கு மேல் பிடித்து வையுங்கள். சளி ஓய ஆறேழு வாரம்கூட ஆகலாம். சிப்பியின் நடு மடலில் பழுப்பு திரும்புவது அதற்கு முன்னாலேயே தெரியும்.